நிதி நிறுவனத்தில் லினக்ஸுக்கு மாறுதல்: கணக்கெடுப்பு முதல் பழைய சர்வரை அணைப்பது வரை

வங்கி, காப்பீடு, பங்குத் தரகு, பணப் பரிமாற்றம் என எந்த நிதி நிறுவனமானாலும் சரி, விண்டோஸிலோ பழைய யூனிக்ஸிலோ ஓடும் சர்வர்களை லினக்ஸ் என்னும் திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) இயங்குதளத்துக்கு மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். லினக்ஸ் இவ்வளவு பளுவைத் தாங்குமா என்று யாராவது கேட்டால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். டோக்கியோ பங்குச் சந்தை 2010 ஜனவரியிலும் லண்டன் பங்குச் சந்தை 2011 பிப்ரவரியிலும் தங்கள் வர்த்தக அமைப்பையே லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டன. உங்கள் ரிஸ்க் குழு கேட்கப்போவது வேறு: நள்ளிரவில் கோளாறு வந்தால் யார் பதில் சொல்வார்கள்? அதற்கு எழுத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தயாராக இல்லாத திட்டங்கள்தான் பாதி வழியில் நின்றுபோகின்றன.

200, 300 சர்வர் உள்ள நிறுவனம் என்றால் மொத்தம் 18 மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் முடிப்போம் என்று சொல்வதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். ஆண்டு இறுதி, காலாண்டு இறுதி, மாத முடிவு என மாற்றங்களுக்குத் தடை உள்ள நாட்களைக் கழித்தால், வருடத்தில் சர்வரில் கைவைக்கக் கிடைப்பது ஏழெட்டு மாதம்தான்.

1. கணக்கெடுப்பு: 6 முதல் 8 வாரம்

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வரி. அதில் ஓடும் செயலி, அதன் உரிமையாளர், தரவுத்தளம், தினமும் வந்து போகும் கோப்புகள், எதிர்முனை நிறுவனங்கள், அதில் நிறுவியிருக்கும் ஏஜென்ட்கள் (பின்னணியில் ஓடும் துணை மென்பொருட்கள்) என எல்லாம் அந்த வரியில் இருக்க வேண்டும். ஏஜென்ட்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேக்கப், கண்காணிப்பு, வைரஸ் தடுப்பு, வேலைகளை நேரப்படி ஓட்டும் ஷெட்யூலர், குறியாக்கச் சாவிகளைக் காக்கும் எச்எஸ்எம் பெட்டிக்கான டிரைவர், இவை ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எண்ணியிருக்கும் லினக்ஸ் பதிப்பில் ஆதரவு உண்டா என்பதை அந்தந்தத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் "எல்லா லினக்ஸிலும் ஓடும்" என்று சொன்னது கணக்கில் சேராது. பதிப்பு எண்ணோடு மின்னஞ்சல் வேண்டும்.

ஷெட்யூலர் பதிவுகளை 13 மாதத்துக்கு எடுங்கள், 3 மாதம் போதாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஒரே ஒரு முறை ஓடும் வேலைகள் நிதி நிறுவனங்களில் நிறைய உண்டு. 3 மாதப் பட்டியலை நம்பி மாறியவர்களுக்கு அது ஆண்டு இறுதி இரவில்தான் தெரியவரும்.

2. டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுத்தல்

எது நல்ல டிஸ்ட்ரோ (ரெட் ஹாட், உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடு) என்ற விவாதத்தில் இறங்க வேண்டாம். கணக்கெடுப்பில் உள்ள செயலிகளின் சான்றளிப்புப் பட்டியல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். உதாரணமாக, ஆரக்கிள் தரவுத்தளத்தை ரெட் ஹாட், ஆரக்கிள் லினக்ஸ், சூசே ஆகியவற்றில் ஓட்டலாம்; உபுண்டுவும் டெபியனும் அதன் பட்டியலில் இல்லை. இந்த ஒரு வரியே பல நிறுவனங்களின் தேர்வை முடித்துவைக்கும்.

அடுத்தது ஆயுள். இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, தலைப்பு எண்ணை மட்டும் பார்ப்பது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் பெரிய பதிப்புக்கு 10 ஆண்டு ஆதரவு. ஆனால் 9.2, 9.4 போன்ற சிறு பதிப்பு ஒவ்வொன்றுக்கும் சாதாரணமாக 6 மாதம்தான். ஒரே சிறு பதிப்பில் நின்றுகொண்டே பேட்ச் (திருத்தம்) வாங்க வேண்டுமென்றால் தேர்ந்தெடுத்த பதிப்புகளுக்கு, வெளிவந்த நாளிலிருந்து 24 மாதம் வரை நீளும் ஆதரவு உண்டு, அது சந்தாவில் அடங்குகிறதா என்று பாருங்கள். சூசே 15லும் இதே கதைதான்: அடுத்த சர்வீஸ் பேக் வந்த 6 மாதத்தில் பழையதன் பொது ஆதரவு முடியும்.

இரண்டாவது, உபுண்டு எல்டிஎஸ்ஸின் (நீண்டகால ஆதரவுப் பதிப்பின்) 5 ஆண்டு ஆதரவு. அது மென்பொருள் தொகுப்புகளைத் தரும் முதன்மைக் களஞ்சியத்துக்கு மட்டும். யூனிவர்ஸ் களஞ்சியத்திலிருந்து எடுக்கும் தொகுப்புகளுக்கு உறுதியான பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோ சந்தா தேவை. உங்கள் செயலி சார்ந்திருக்கும் ஒவ்வொரு தொகுப்பும் எந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது என்று ஒரு முறையாவது சரிபாருங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தம் இல்லாத வாக்குறுதி. ரெட் ஹாட்டின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2021 டிசம்பர் 31 அன்று ஆதரவு முடிந்தது. இன்னும் எட்டு ஆண்டுக்கு மேல் இருந்த ஆயுள் ஓராண்டாகச் சுருங்கியது. அதன் பிறகு வந்த அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் நல்ல வேலை செய்கின்றன. சோதனை, உருவாக்கச் சூழல்களுக்குத் தயங்காமல் எடுக்கலாம். பணம் நகரும் சர்வரில் அவற்றை வைக்கிறீர்கள் என்றால், வெளி நிறுவனம் ஒன்றிடம் ஆதரவு ஒப்பந்தம் எடுத்துவிட்டு வையுங்கள்.

புதிய பதிப்பு வெளிவந்த கையோடு தாவ வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளை போன்றவற்றில்தான் அது நுழைந்திருந்தது. நிலையான நிறுவனப் பதிப்புகள் மெதுவாக நகர்ந்ததாலேயே தப்பின. நிதித் துறைக்கு அந்த மெதுவே தேவை.

3. ஆவணங்கள்

இந்தப் படிக்கு 3 மாதம் ஒதுக்குங்கள். முதல் சர்வரைத் தொடுவதற்கு முன் கீழுள்ளவை கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

*ரிஸ்க் மதிப்பீடு.* "திறமூலம் பாதுகாப்பானதா" என்று பொதுவாக எழுதாதீர்கள். திருத்தம் யாரிடமிருந்து வரும், எத்தனை நாளில் வரும், வராவிட்டால் என்ன மாற்று என்று எழுதுங்கள். ஆதரவு முடியும் தேதி ஒவ்வொன்றும் அட்டவணையில் இருக்கட்டும். அட்டைத் தரவைக் கையாள்கிறீர்கள் என்றால் பிசிஐ டிஎஸ்எஸ் (அட்டைத் துறையின் தரவுப் பாதுகாப்புத் தரநிலை) 4 வரிசை, பயன்பாட்டில் உள்ள வன்பொருள், மென்பொருளை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. அதற்கும் இதே அட்டவணை உதவும்.

*ஆதரவு ஒப்பந்தமும் வெளியேறும் திட்டமும்.* ஐரோப்பிய ஒன்றியத்தில் செயல்படும் நிதி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 17 முதல் டோரா (டிஜிட்டல் செயல்பாட்டு மீள்திறன்) ஒழுங்குமுறை நடைமுறையில் இருக்கிறது. தொழில்நுட்ப ஒப்பந்தங்களின் பதிவேடு, முக்கியச் சேவைகளுக்கு வெளியேறும் திட்டம் இரண்டும் அதில் கட்டாயம். சோதனை வகைகளின் பட்டியலில் திறமூல ஆய்வும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. வேறு இடங்களிலும் ஒழுங்காற்று அமைப்புகள் கேட்பது ஏறக்குறைய இதைத்தான். ஒப்பந்தத்தில் நீங்கள் தேட வேண்டியது மூன்று: கடுமையான கோளாறுக்கு முதல் பதில் எத்தனை மணி நேரத்தில், 24 மணி நேரமும் உண்டா, தணிக்கை செய்யும் உரிமை உங்களுக்கும் ஒழுங்காற்று அமைப்புக்கும் இருக்கிறதா. மூன்றாவது விஷயத்தில்தான் சட்டப் பிரிவு வாரக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.

*உரிமக் கொள்கை.* ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தில் வரும் மென்பொருளை நிறுவனத்துக்குள் ஓட்டினால், நீங்கள் செய்த மாற்றங்களை வெளியிடும் கடமை எழாது. வெளியே கொடுத்தால்தான் எழும். வணிகர் கையில் தரும் அட்டை இயந்திரம், வாடிக்கையாளர் இடத்தில் வைக்கும் பெட்டி, துணை நிறுவனத்துக்கு அனுப்பும் இமேஜ் (நிறுவத் தயாரான சர்வர் நகல்) ஆகிய மூன்றும் "வெளியே கொடுப்பது" ஆகலாம். ஜிபிஎல் 2ஆம் பதிப்பில் மூல நிரலை எழுத்துப்பூர்வமாக வழங்க முன்வந்தால் அந்த உறுதி 3 ஆண்டு செல்லுபடியாக வேண்டும். ஆகவே வெளியே போகும் ஒவ்வொரு இமேஜின் மூல நிரலையும் அதே நாளில் பத்திரப்படுத்துங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

*மென்பொருள் உட்பொருள் பட்டியல்.* எஸ்பிடிஎக்ஸ் அல்லது சைக்ளோன்டிஎக்ஸ் வடிவத்தில், ஒவ்வொரு இமேஜுக்கும், உருவாக்கும்போதே தானாகப் பதிவாகும்படி வையுங்கள். கையால் எழுதிய பட்டியல் இரண்டாவது வாரமே பழையதாகிவிடும். 2021 டிசம்பரில் ஜாவா நூலகம் ஒன்றில் லாக்4ஷெல் என்னும் பாதுகாப்புக் குறை வந்தபோது, இந்தப் பட்டியல் இருந்த இடத்தில் தேடிப் பார்த்தால் போதும். இல்லாத இடத்தில் ஒவ்வொரு சர்வராகத் துருவ வேண்டியிருந்தது.

4. செலவு

உரிமக் கட்டணம் மிச்சம் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்டினால் ஆறே மாதத்தில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். நேர்மையான பட்டியலில் இவை இருக்கும்: சந்தா, 24 மணி நேர ஆதரவுக்கான கூடுதல் கட்டணம், லினக்ஸுக்கான ஏஜென்ட் உரிமங்கள், பயிற்சி, வெளிச் செயலிகளின் மறுசான்றளிப்பு, இரண்டு சூழலும் சேர்ந்து ஓடும் மாதங்களுக்கான வன்பொருள். பழைய உரிமத்தையும் புதிய சந்தாவையும் ஒரே நேரத்தில் கட்டும் காலம் 9 முதல் 12 மாதம் இருக்கும். மிச்சம் தெரியத் தொடங்குவது இரண்டாம் ஆண்டில்தான், அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

சந்தா எதை வைத்து எண்ணப்படுகிறது என்பதைப் பாருங்கள். ரெட் ஹாட்டின் வழக்கமான சர்வர் சந்தா ஒன்று, இரண்டு சாக்கெட் (சிபியு பொருத்தும் இடம்) கொண்ட ஒரு நிஜ சர்வருக்கு, அல்லது இரண்டு மெய்நிகர் இயந்திரங்களுக்கு. ஒரே நிஜ சர்வரில் 20 மெய்நிகர் இயந்திரம் ஓட்டுகிறீர்கள் என்றால், எண்ணிக்கை வரம்பில்லாத தரவுமையச் சந்தா மலிவாக முடியும். பேரிடர் மீட்பு மையத்தில் அணைந்தே கிடக்கும் சர்வருக்கும் சந்தா வேண்டுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். கொள்முதல், சட்டப் பிரிவு, பாதுகாப்பு வினாப்பட்டியல் எல்லாம் முடிய 2 முதல் 3 மாதம் ஆகும்.

5. அடிப்படை இமேஜ்

சிஐஎஸ் பெஞ்ச்மார்க்கின் (சர்வர் பாதுகாப்பு அமைப்புகளுக்கான பொதுப் பட்டியலின்) முதல் நிலையிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் நிலையை முழுதாகப் போட்டு, பிறகு செயலி ஓடவில்லை என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் எதை ஏன் தளர்த்தினோம் என்ற பதிவே இருக்காது. விதிவிலக்கு ஒவ்வொன்றுக்கும் காரணம், ஒப்புதல் தந்தவர், காலாவதித் தேதி மூன்றும் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு சர்வரை ஒப்பிடும் ஓபன்ஸ்கேப் கருவியின் அறிக்கையை வாரம் ஒரு முறை தானாக எடுத்துச் சேமியுங்கள், தணிக்கையாளர் கேட்பது அந்தத் தொடர்ச்சியைத்தான்.

வழக்கமாக உடையும் இடங்கள்:

தணிக்கைப் பதிவுக்குத் தனிப் பகிர்வு ஒதுக்குங்கள். கடுமையான பாதுகாப்பு அமைப்புகளில், பதிவு எழுத இடமில்லை என்றால் சர்வரையே நிறுத்திவிடும்படி ஆடிட் சேவை அமைக்கப்படும். பகிர்வு சிறியதாக இருந்தால், ஒரு பரபரப்பான நாளில் பணப் பரிமாற்ற சர்வர் தானாகவே அணைந்துவிடும். 75 சதவீதத்தில் எச்சரிக்கை வரட்டும். பிசிஐ விதிப்படி பதிவுகளை 12 மாதம் வைத்திருக்க வேண்டும். அதில் கடைசி 3 மாதம் உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். ஆகவே மையச் சேமிப்பின் அளவை இப்போதே கணக்கிடுங்கள்.

சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னல் (பதிவு) சேவை, ஒரே சேவையிலிருந்து 30 விநாடியில் 10,000 செய்திக்கு மேல் வந்தால் மீதியைக் கைவிடும். வர்த்தகச் செயலி அதைத் திறப்பு மணி நேரத்திலேயே தாண்டிவிடும். அந்தச் சேவைக்கு மட்டும் வரம்பை உயர்த்துங்கள்.

தற்காலிக அடைவில் நிரல் ஓடாதபடி பூட்டினால் சில ஜாவா செயலிகள் தொடங்காது, ஏனென்றால் அவை தங்கள் நூலகத்தை அங்கேதான் பிரித்து வைத்து ஓட்டும். அவற்றுக்குத் தனி அடைவு காட்டுங்கள். அதே அடைவில் 10 நாளுக்கு மேல் தொடாமல் கிடக்கும் கோப்புகளைப் பல டிஸ்ட்ரோக்கள் தானாக அழித்துவிடும். மாத முடிவுக்காக அங்கே கோப்பு சேர்த்துவைக்கும் செயலி இருந்தால் உடனே இடம் மாற்றுங்கள்.

எஸ்ஈலினக்ஸை (எந்த நிரல் எதைத் தொடலாம் என்று லேபிள் வைத்துக் கட்டுப்படுத்தும் காவல் அமைப்பை) அணைக்காதீர்கள். இதில் சமரசம் கூடாது. முதலில் ஒரு மாத முடிவு உள்ளடங்கும்படி 4 வாரம் எச்சரிக்கை நிலையில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில்) ஓட்டி, மறுப்புகளைச் சேகரியுங்கள். அவற்றை அப்படியே அனுமதியாக மாற்றும் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் பூட்டிய கதவைக் கழற்றிவைத்ததற்குச் சமம். பாதி மறுப்புகள் தவறான லேபிளால் வருபவை. கோப்பை நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும். நகல் எடுத்தால் போய்ச் சேரும் அடைவின் லேபிள் கிடைக்கும். லேபிளைச் சரிசெய்தாலே பட்டியல் பாதியாகும்.

நேர ஒத்திசைவுக்கு குரோனி என்னும் நிரல் போதும். ஆனால் மெய்நிகர் இயந்திரத்தில் ஹைப்பர்வைசரின் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் அடித்தளத்தின்) நேரச் சரிசெய்தலையும் சேர்த்து இயக்கினால் இரண்டும் மாறி மாறி இழுக்கும், ஒன்றை நிறுத்துங்கள். அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட விலகலுக்கு மேல் உள்நுழைவை மறுக்கும். ஐரோப்பிய விதிகளின்கீழ் அதிவேக வர்த்தகம் செய்பவர்கள் உலகப் பொது நேரத்திலிருந்து 100 மைக்ரோவிநாடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு வன்பொருள் நேரமுத்திரை உள்ள பிணைய அட்டையும் பிடிபி என்னும் துல்லிய நேர நெறிமுறையும் தேவை. அட்டை வந்து சேர வாரங்கள் ஆகும், முன்பே சொல்லிவையுங்கள்.

6. பேட்ச் நடைமுறை

இணையக் களஞ்சியத்திலிருந்து சர்வர்கள் நேரடியாக எடுக்கக் கூடாது. உள்ளே ஒரு நகல் களஞ்சியம், அதில் தேதியிட்டு உறைய வைத்த பதிப்புகள் என்று அமையுங்கள். அதற்கான கருவி சாட்டிலைட், கேட்டெல்லோ, யுயூனி என எதுவும் சரி. ஒரே உறைந்த பதிப்பு சோதனைக்கு முதல் வாரம், முக்கியமில்லாத சர்வர்களுக்கு இரண்டாம் வாரம், மற்றவற்றுக்கு மூன்றாம் வாரம் போகட்டும். மிகக் கடுமையான குறைகளுக்குத் திருத்தம் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற பிசிஐ வரம்பு இதில் அடங்கிவிடும்.

முதல் மாதமே ஸ்கேனர் அறிக்கை நூற்றுக்கணக்கான குறைகளைக் காட்டிப் பயமுறுத்தும். பெரும்பாலானவை போலி. நிறுவனப் பதிப்புகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்க்கும். பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு அது புரியாது. சர்வரில் உள்நுழைந்து தொகுப்பின் முழு வெளியீட்டு எண்ணைப் படிக்கும்படி ஸ்கேனரை அமைத்து, டிஸ்ட்ரோவே வெளியிடும் பாதுகாப்புக் குறைத் தரவோடு (ஓவல் போன்ற வடிவில் வருவது) ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல், ஸ்கேனரைத் திருப்திப்படுத்த தொலை உள்நுழைவு மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சை மூல நிரலிலிருந்து தாங்களே கட்டி நிறுவுபவர்கள் உண்டு. அந்த நிமிடத்தோடு ஆதரவு ஒப்பந்தத்தின் பாதுகாப்பு அந்தத் தொகுப்புக்குப் போய்விடும்.

கர்னலை (இயங்குதளத்தின் மையக் கருவை) உயர்த்துவதற்கு முன் பாதுகாப்பு ஏஜென்ட் அந்தக் கர்னலை ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஆதரிக்காவிட்டால் பல ஏஜென்ட்கள் சத்தமில்லாமல் குறைந்த காப்பு நிலைக்குப் போய்விடும். சர்வர் நன்றாக ஓடுவது போலத்தான் தெரியும். மறுதொடக்கம் இல்லாமலே திருத்தம் போடும் லைவ் பேட்ச் வசதி நல்லது, ஆனால் அது பெரும்பாலும் கர்னலுக்கு மட்டும். மாதக்கணக்கில் மறுதொடக்கம் செய்யாத சர்வர், தேவைப்படும் இரவில் எழுந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. காலாண்டுக்கு ஒரு முறை கட்டாயம் மறுதொடக்கம் செய்யுங்கள்.

7. செயலிகளை நகர்த்துதல்

விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் முழுவதும் கோப்புப் பெயரில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டிலும் வரி முடிவுக் குறியிலும் போகும். பணப் பரிமாற்றக் கோப்பில் ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணும் எதிர்முனை, வரி முடிவில் ஒரு எழுத்து குறைந்தாலும் கோப்பு முழுவதையும் நிராகரிக்கும். எழுத்துக் குறிமுறையும் அப்படித்தான்: பெயரில் உச்சரிப்புக் குறி உள்ள ஒரே ஒரு வாடிக்கையாளர் போதும், யுடிஎஃப்-8இல் அந்த எழுத்து இரண்டு பைட்டாகி நீளம் மாறிவிடும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் சொற்களை வரிசைப்படுத்தும் முறை மாறியது. ரெட் ஹாட் 7இல் 2.17, 8இல் 2.28. பழைய தரவு அடைவை அப்படியே புதிய சர்வரில் இணைத்தாலோ, பைட் அளவில் நகலெடுத்தாலோ, எழுத்துப் புலங்களின் இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) பழைய வரிசையில் இருக்கும். தேடல் புதிய வரிசையில் நடக்கும். இருக்கும் கணக்கு "இல்லை" என்று வரும், தனித்தன்மை வேண்டிய புலத்தில் இரட்டைப் பதிவு நுழையும். பிழைச் செய்தி எதுவும் வராது. தரவை ஏற்றுமதி செய்து மறுபடி ஏற்றுங்கள், அல்லது செயலியைத் திறப்பதற்கு முன் எல்லா எழுத்து இண்டெக்ஸையும் மறுபடி கட்டுங்கள்.

கையால் தொடங்கினால் ஓடுகிறது, சேவையாகத் தொடங்கினால் "திறந்த கோப்புகள் அதிகம்" என்று விழுகிறது என்றால் காரணம் ஒன்றுதான். பயனர் வரம்புக் கோப்பில் நீங்கள் உயர்த்திய எண் உள்நுழைவு அமர்வுகளுக்கு மட்டும் பொருந்தும். சிஸ்டம்டி தொடங்கும் சேவை அதைப் படிப்பதே இல்லை. சேவைக் கோப்பிலேயே வரம்பை எழுதுங்கள்.

சந்தைத் தரவு மல்டிகாஸ்டில் (ஒரே தரவைப் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறையில்) வந்து, சர்வரில் இரண்டு பிணைய அட்டை இருந்தால், பாக்கெட் கண்காணிப்பில் தரவு தெரியும், செயலிக்கு மட்டும் வராது. தலைகீழ்ப் பாதைச் சரிபார்ப்பு (பாக்கெட் வந்த அட்டை வழியாகவே பதிலும் போகுமா என்று பார்ப்பது) கண்டிப்பான நிலையில் இருப்பதே காரணம். அந்த அட்டைக்கு மட்டும் தளர்வான நிலைக்கு மாற்றுங்கள்.

ரெட் ஹாட் 8 முதல் இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் இயல்பாகவே அணைந்திருக்கும். 9இல் பழைய ஷா-1 முறையிலான கையொப்பங்களும் இயல்பாக ஏற்கப்படாது. பழைய எதிர்முனை நிறுவனங்களுடனான கோப்புப் பரிமாற்றம் இங்கேதான் உடையும். அவர்கள் தங்கள் பக்கம் மாற்ற 3 மாதமாவது எடுப்பார்கள், ஆகவே கணக்கெடுப்பு முடிந்தவுடன் கடிதம் போடுங்கள். மாறவே முடியாதவர்களுக்கு ஒரே ஒரு நுழைவாயில் சர்வரில் மட்டும் தளர்வு கொடுங்கள், எல்லா சர்வரிலும் பழைய முறைகளை அனுமதிக்கும் கொள்கையைப் போட்டுவிடாதீர்கள்.

20, 30 ஆண்டுக் கடன்களைக் கணக்கிடும் பழைய சி நிரல் இருந்தால் 2038 ஜனவரி 19க்குப் பிந்தைய தேதி ஒன்றைக் கொடுத்துச் சோதியுங்கள். 32 பிட் நேர மாறி இருந்தால் இன்றைக்கே தவறான வட்டி அட்டவணை வரும்.

8. இணை ஓட்டமும் மாற்று நாளும்

முதலில் உள் அறிக்கை சர்வர்கள், பிறகு இடைநிலைச் செயலிகள், கடைசியில் மையக் கணக்கு அமைப்பு. மேசைக் கணினிகளை இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். விரிதாள் மேக்ரோக்களை நம்பி வேலை செய்யும் பிரிவுகளோடு அது தனிப் போராட்டம்.

இணை ஓட்டம் (பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலம்) இரண்டு மாத முடிவுகளையும் ஒரு காலாண்டு முடிவையும் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் மொத்தத் தொகை பொருந்தினால் போதாது, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மொத்தத்தில் ஒன்றையொன்று ரத்துசெய்யும் இரு பிழைகள் ஒளிந்துகொள்ளும்.

மாற்று நாளன்று பழையதற்குத் திரும்ப முடிவெடுக்கும் நேரம் ஒன்றைக் குறித்துவையுங்கள். வேலை 10 மணி நேரம், திரும்ப 4 மணி நேரம் என்றால், சந்தை திறப்பதற்கு 5 மணி நேரம் முன்பு நிலவரம் சரியில்லாவிட்டால் பழையதற்குத் திரும்ப வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் யார் என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். அவர் அந்த இரவு விழித்திருக்க வேண்டும். திரும்பும் ஒத்திகையை ஒரு முறையாவது முழுதாகச் செய்து நேரம் எடுங்கள்.

9. பழைய சர்வரை அணைத்தல்

மாறிய பிறகு ஒரு காலாண்டு பழைய சர்வரைப் பிணையத்திலிருந்து துண்டித்து, ஆனால் எழுப்பக்கூடிய நிலையில் வையுங்கள். பின் அதன் சேவைக் கணக்குகள், எஸ்எஸ்எச் சாவிகள், சான்றிதழ்கள், ஃபயர்வால் விதிகள் எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். பதிவேடுகளை வைத்திருக்க வேண்டிய சட்டக் காலம் முடியும்வரை படிக்கக்கூடிய ஏற்றுமதி ஒன்று தேவை. வட்டுப் படத்தை மட்டும் வைத்திருந்தால், 5 ஆண்டு கழித்து அதைத் திறக்க உரிமம் இருக்காது.

பழைய உரிம ஒப்பந்தத்தில் ரத்து அறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று முதல் மாதமே பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 60 அல்லது 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தத் தேதி தவறினால் யாருமே பயன்படுத்தாத சர்வர்களுக்கு இன்னும் ஓராண்டு பணம் கட்டுவீர்கள்.